இழுவை

இரண்டாவது கியரிலும் இழுக்கவில்லை. மிதி தரையைத் தொட்டுவிட்டது, சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. அடிவாரத்துச் செக்போஸ்ட் தாண்டுகிறவரை சமர்த்தாகத்தான் வந்தது, நானும் புத்தி கெட்டுப்போய், பரவாயில்லை, வெயில் இறங்குவதற்குள் வீட்டில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன், அப்படி நினைத்திருக்கக் கூடாது, நல்லதாக ஏதாவது நினைத்தால் போதும், இந்த வண்டிக்கு எப்படியோ தெரிந்துவிடும். பின்சீட்டில் அண்ணன். தலை அண்ணியின் மடியில், உடம்பு குறுக்கே, மடங்கிய முழங்கால் என் சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டு. ஒவ்வொரு வளைவிலும் அந்த முழங்கால் என்னை ஒரு இடி இடிக்கிறது. நல்ல உயரமான ஆள், சீரங்கன் என்றால் மலையில் எல்லாருக்கும் தெரியும், டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் இதே வண்டியில் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தபடி மேலும் கீழும் போய்வந்தவன், இப்போது ஒரு பழைய போர்வைக்குள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மூட்டையாகக் கிடக்கிறான். "அண்ணி, எப்படி இருக்கு?" "இழுக்குது தம்பி." அதே வார்த்தை. அங்கே இழுக்கிறது, இங்கே இழுக்கவில்லை. மூச்சு இழுத்தால் சாவு பக்கத்தில் என்று அர்த்தம், வண்டி இழுக்காவிட்டாலும் இன்றைக்கு அதே அர்த்தம்தான். இந்தத் தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

காலையில் டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே கெளம்புங்க" என்றார். கிட்னி போய்விட்டது, அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட்டது. அண்ணி அழவில்லை. "உசுரோட வீட்டுப்படி ஏறிடுவாரா சார்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். வெள்ளக்கல்காட்டில் வெளியே செத்த உடம்பு ஊருக்குள் வராது. எல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, அங்கேயே கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே காட்டுக்கு. பஸ் கவிழ்ந்து செத்த எங்கள் சின்ன மாமாவை மழையில் அந்தக் கொட்டகையில்தான் வைத்தார்கள், ஒரு பக்கம் தகரம் பறந்துபோயிருந்தது, தண்ணீர் அவர் காது வழியாக ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வீடு கூப்பிடு தூரத்தில், கதவு திறந்தபடி கிடந்தது. அண்ணன் இந்த வண்டியை ஓட்டிச் சம்பாதித்துத்தான் கல் ஏற்றி, மணல் ஏற்றி வீட்டைக் கட்டினான், அதன் கூடத்தில் அம்மா பாயை விரித்துக் காத்திருக்கிறாள், அவனைக் கொண்டுபோய்த் தகரத்துக்கு அடியில் போட முடியாது. முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன், சொல்லச் சொல்ல அந்தக் கொட்டகைதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. ஆம்புலன்ஸ்காரன், பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வருவேன், அதுக்கு மேல மண்ரோட்டுல வண்டி விடமாட்டேன் என்றான். "விடுங்க தம்பி, அவரு வண்டி இருக்குது, அவர அது கொண்டுபோவாதா?" என்றாள் அண்ணி.

கொண்டுபோகாது போலிருக்கிறதே அண்ணி. பின்னால் எவனோ ஹாரன் அடிக்கிறான், கையை வெளியே நீட்டி முந்திப் போகச் சொன்னேன், போகும்போது குனிந்து என்னை முறைத்துவிட்டுப் போகிறான், போடா, போ. மீட்டரைப் பார்க்கிறேன், ஒரு லைட்டும் எரியவில்லை. இவ்வளவு இழுவை குறைந்த வண்டியில் என்ஜின் செக் லைட் எரிந்தே ஆக வேண்டும், எரியாமல் இருக்க நியாயமே இல்லை. இது என் தொழில், சேலத்தில் ஒரு ஷெட்டில் நாள் முழுக்க ஸ்கேனரை மாட்டி, கோளாறுக்கு வண்டி காட்டுகிற எரர் கோடு பார்த்துச் சொல்வதில்தான் என் சோறு. விரலால் தடவினேன். கண்ணாடி மேல் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. பொட்டு. அண்ணியின் ஸ்டிக்கர் பொட்டு, பெரிய மெரூன் பொட்டு, சரியாக அந்த லைட் மேல் பார்த்து ஒட்டியிருக்கிறான். நகத்தால் சுரண்டி எடுத்தேன், அடியிலிருந்து மஞ்சளாக எரிந்தது. எத்தனை மாதமாக எரிகிறதோ. ஏறுகிற டூரிஸ்ட்டு பார்த்துப் பயப்படுவான் என்று ஒட்டியிருப்பான், அல்லது தானே பார்க்கக் கூடாது என்று. கோபம் வந்தது, நல்ல கோபம், சாகக் கிடக்கிறவன் மேல் வரக் கூடாத கோபம். கால் வீங்கியபோதும் இதையேதான் செய்தான், செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கிப் போட்டுக்கொண்டான். தீபாவளிக்கு முன்னால் ஷெட்டுக்கு வந்தவனை, "வாண்ணா, ஒரு தடவ ஸ்கேனர் போட்டுப் பாத்துடலாம்" என்று கூப்பிட்டேன். "உன் மிஷின மாட்டுனா இல்லாத நோயெல்லாம் சொல்லும்டா" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வளைவு தாண்டி ஒரு சமமான இடத்தில், தடுப்புச் சுவர் ஓரமாக ஒதுக்கினேன். என்ஜினை நிறுத்தவில்லை, நிறுத்தப் பயம். ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகிப் போனில் பார்த்தேன், வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, வா, சீக்கிரம் வா. வந்தது. பி ஜீரோ டூ நைன் நைன். என்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவில் அழுத்தம் போதவில்லை. அவ்வளவுதான் சொல்லும். கோடு நோயைச் சொல்லாது, எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லும், அது தெரியாமல் கோடைப் பார்த்ததும் டர்போவையே கழற்றிப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். காற்று போகிற ஹோஸ் கிழிந்திருக்கலாம், சென்சார் பொய் சொல்லலாம், டீசல் பில்டர் அடைத்திருக்கலாம், டர்போ செத்தே போயிருக்கலாம். செத்தே. இந்த வார்த்தையை இன்றைக்கு ஒரு பொழுது விட்டுவைக்கக் கூடாதா. வண்டி கெட்டிக்காரத்தனம் செய்கிறது, காற்று போதவில்லை என்று தெரிந்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பலத்தைக் குறைத்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்துவிடும், சமவெளியில் நொண்டிக்கொண்டே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும், மலையில் போகாது. அண்ணனும் கொஞ்ச காலமாக மெதுவாகத்தான் நடந்தான், பேச்சைக் குறைத்துக்கொண்டான், ஊரில் அவனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் ஷெட் முதலாளி நசீர் பாய்க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து டாஷ்போர்டு மேல் வைத்தேன். "என்ன வரதா, மேல போய்ச் சேந்துட்டீங்களா?" "நடு மலைல நிக்கிறேன் பாய். டூ நைன் நைன் காட்டுது." "இழுக்குதா?" நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணி சொன்னாள், "இழுக்குதுங்கண்ணே, விட்டு விட்டு இழுக்குது." "மேல போகப் போக கொறையுதா?" "கொறையுதுங்க." "சத்தம் எப்படி இருக்கு? விசில் மாதிரி வருதா?" "ஆமாங்க, கொர்ருனு வந்து, கடைசில விசிலு மாதிரி." "அப்ப காத்து எங்கயோ வெளிய போகுதும்மா." அண்ணி "ஐயோ" என்று அண்ணன் நெஞ்சை இரண்டு கையாலும் பொத்தினாள். யாரைத் திருத்துவது, இரண்டு பேரும் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு கணம் பாய் இரண்டையுமே கண்டுபிடித்துவிட்டார், இப்போது மருந்தும் சொல்லிவிடுவார் என்றுகூட எனக்குத் தோன்றியது. பாய்க்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. "வரதா, தங்கச்சியா பேசுனது? யா அல்லா" என்றார். அப்புறம் குரல் இறங்கிப்போய், "வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஹோஸைப் பாருப்பா. சூட்டோட தொடாத, துணி வச்சுப் புடி" என்றார்.

சாவியில் கை வைத்தேன். "நிறுத்தாதீங்க தம்பி." "ரெண்டு நிமிசம் அண்ணி." "இந்த உதறல்லதான் அவருக்கு மூச்சு ஓடுது. வண்டி நின்னா அவரும் நின்னுருவாரு." பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சாவியைப் பிடித்திருந்த என் கையும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தது. பழைய டீசல் வண்டி, நிற்கும்போது முழுக்க உதறும், சீட்டு உதறும், சாமி படம் உதறும், அண்ணன் மேல் கிடக்கிற போர்வை உதறும். அவன் நெஞ்சு தானாக ஏறி இறங்குகிறதா, வண்டி ஏற்றி இறக்குகிறதா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா. பேட்டரி எந்தக் காலத்ததோ, அதன் மேலும் ஒரு பொட்டு ஒட்டியிருப்பான். நிறுத்தாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான், ஆஸ்பத்திரியும் இல்லாமல் ஊரும் இல்லாமல், இந்தச் சுவர் ஓரத்தில், போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்க்க. அண்ணி மறுபடி வாயைத் திறப்பதற்குள் திருப்பிவிட்டேன். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி, காட்டில் ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. பிறகு அது கேட்டது. உள்ளே போகும்போது ஒரு கரகரப்பு. நிற்கிறது. நின்றே இருக்கிறது. இவ்வளவு நேரமா நிற்கும், போச்சு, நான்தான் நிறுத்தினேன், நான்தான், இல்லை, இதோ, வெளியே வந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. டர்போவிலிருந்து வருகிற தடித்த ரப்பர் ஹோஸ், அது வளைகிற இடத்தில் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேல் ஏதோ பசை, பசைக்கு மேல் கட்டுக் கம்பி, கம்பியின் முனையை இரண்டு முறுக்கு முறுக்கி உள்பக்கமாக மடக்கிவிட்டிருந்தது. அவன் கட்டு எனக்குத் தெரியும். அப்படியானால் தெரிந்திருக்கிறது அவனுக்கு, எல்லாம் தெரிந்திருக்கிறது, கிழிந்ததைப் பார்த்து, கட்டி, லைட்டை மூடி, சிரித்துக்கொண்டே ஆளை ஏற்றியிருக்கிறான். துணி பொசுங்கி, வெடிப்பு வாயைப் பிளந்து கிடந்தது, சுற்றிலும் கரியும் எண்ணெயும். டேய் என்றேன். அவனை ஒரு நாளும் நான் டேய் என்று சொன்னதில்லை, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன், டேய், எல்லாத்தையும் தனியாவே கட்டிக்கலாம்னு உனக்கு யாருடா சொன்னது. கண்ணில் தண்ணீர் வந்தது, அனலினால் என்று சொல்லலாம், அனலினால் இல்லை. எனக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான், வேறு எப்படிச் சொல்வது. டிக்கியில் கேரியர் மேல் பெட்டி கட்டுகிற டியூப் ரப்பர் கிடந்தது. நீளமாக அறுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து இறுக்கிச் சுற்றினேன், விரல் சுட்டது, கொப்பளம் வந்தது, விடாமல் சுற்றினேன், மேலே அவனுடைய பழைய கம்பியையே போட்டு முறுக்கினேன். பின்சீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டேதான் இவ்வளவும். கரகரப்பு கேட்டது, பிறகு கேட்கவில்லை, பிறகு கேட்டது.

ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்தேன். காரணத்தைச் சரிசெய்யாமல் கோடை அழிக்காதீர்கள் என்று ஷெட்டில் தினமும் கத்துகிறவன் நான்தான், இப்போது ஒரு அறுத்த டியூப் துண்டை நம்பி அழித்துவிட்டு, அண்ணன் டாஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். முனகியது. ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினேன், முனகி, இருமி, பிடித்துக்கொண்டது. இரண்டு போட்டேன், ஏறியது. மூன்று போட்டேன், இழுத்தது. இழுக்கிறது! முதுகில் சீட்டு அழுத்துகிறது, சுவர் பின்னால் ஓடுகிறது, மிதித்தால் கேட்கிறது, கேட்டால் கொடுக்கிறது, கொஞ்ச நேரத்தில் வாழைத்தார் ஏற்றிய ஒரு லாரியையே முந்திவிட்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. என் தொழில் என்னைக் கைவிடவில்லை என்று சந்தோஷம், பாய்க்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், அம்மாவிடம் சொல்ல வேண்டும், அண்ணனிடமே சொல்ல வேண்டும், உன் கட்டைவிட என் கட்டு நல்லா நிக்குது பாத்தியா என்று. காபித் தோட்டம் ஆரம்பித்தது, குளிர்ந்த காற்று வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன், அவன் கொஞ்சம் குடிக்கட்டும். "தம்பி" என்றாள் அண்ணி. "வண்டி நல்லா இழுக்குதா?" "ஜம்முனு இழுக்குது அண்ணி." "அப்ப எங்கயும் நிறுத்தாம போங்க."

சரி என்றேன். ஒரு வளைவு தாண்டினேன். அடுத்த வளைவில்தான் எனக்கு மண்டையில் ஏறியது, லாரியை முந்தியதிலிருந்து நான் எப்படி இருக்கு என்று கேட்கவேயில்லை, அவளும் சொல்லவேயில்லை. தலைக்கு மேல் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். ஆக்சிஜன் குழாயை அவன் மூக்கில் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். வாயை மூடி, தாடையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள், பிடித்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், இல்லை என்றா, பேசாதே என்றா, இரண்டும்தான். எங்கே? எந்த இடத்தில்? நான் மூன்றாவது கியர் போட்டுக் கொண்டாடினேனே, அப்போதா? வண்டியில் கோளாறு விழுந்தால் அந்த நொடியில் என்ன வேகம், எவ்வளவு சூடு, எல்லாம் உள்ளே பதிவாகிக் கிடக்கும், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மனுஷனுக்கு அந்த ஏற்பாடு இல்லை. வண்டி பாட்டுக்கு ஏறுகிறது. அழக் கூடாது, அழுத முகத்தோடு ஊருக்குள் போகக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொண்டேன், ஏன் இவ்வளவு நன்றாக இழுக்கிறாய், கொஞ்சம் முன்னால் இப்படி இழுத்திருந்தால் என்ன, சனியனே, கொஞ்சம் முன்னால். அண்ணி அவன் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். எப்படியும் பிணமாகத்தான் வருவான் என்று முடிவு கட்டிக்கொண்டு யாரோ கட்டிலைக்கூடக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஊர்த் தலைமைக்காரர் மாரப்பன், எங்களுக்குப் பெரியப்பா முறை, கையைக் காட்டினார். நிறுத்தினேன், சாவியைத் தொடவில்லை. "என்ன வரதா, உசுரு இருக்குதா?" நல்ல மனுஷர். அண்ணன் கல்யாணத்தில் தன் கையால் இலை போட்டவர். அவர் குனிந்து பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நான் மிதியை லேசாக அழுத்தினேன், வேண்டுமென்றுதான் அழுத்தினேன். வண்டி உதறியது. சீட்டு உதறியது, போர்வை உதறியது, போர்வைக்குள் அவன் நெஞ்சு மேலும் கீழும் ஆடியது. மாரப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மிதியைக் கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்தினேன், மனுஷ மூச்சுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று என் காலுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "இழுத்துக்கிட்டுத்தான் கெடக்குது, பாவம்" என்று நிமிர்ந்தார் மாரப்பன். "வெரசா வூட்டுக்குக் கொண்டுபோங்கப்பா." அண்ணி நிமிர்ந்து, "மாமா, பால் காய்ச்சச் சொல்லுங்க, அவருக்குத் தொண்ட காயுது" என்றாள். அவள் குரலைக் கேட்டு எனக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டு வாசலில் இறக்கும்போது தலைப்பக்கம் நான் பிடித்துக்கொண்டேன், வேறு யாரையும் விடவில்லை. உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. படி ஏறினோம். கூடத்தில் பாயில் கிடத்தினோம். போகிற உயிருக்குப் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம், பெற்றவள் இருந்தால் அவள்தான் முதலில். அம்மா டம்ளரும் கரண்டியுமாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு மாரப்பனும் மற்றவர்களும் நின்றார்கள். அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். கை கழுத்துக்கு இறங்கியது, அங்கேயே நின்றது, ரொம்ப நேரம் நின்றது. முடிந்தது என்று நினைத்தேன், இப்போது கத்துவாள், அவனை மறுபடி தூக்கச் சொல்வார்கள், மறுபடி அந்தப் படி இறங்க வேண்டும். அண்ணி மூச்சு விடாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. கரண்டியில் பாலை எடுத்தாள், அவன் வாயை ஒரு விரலால் திறந்து ஊற்றினாள். பால் உள்ளே போகவில்லை, நிறைந்து நின்று, கடைவாய் வழியாகக் காதுப் பக்கம் ஓடியது. அவள் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள்.

"முழுங்கிட்டான்" என்றாள் அம்மா, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி. "எம்புள்ள முழுங்கிட்டான். வரதா, நீ வா, உங்கண்ணனுக்கு ஒரு வாய் ஊத்து."